கற்பனை நாட்டில் ஓர் இளம் எதிர்க்கட்சித் தலைவர்: எந்த வழியில் மேலே வருவார்?

கற்பனை நாட்டை வைத்து அரசியல் கதை எழுதும் பலரும் நாயகனிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். நன்றாகப் பேசுவார், கை சுத்தம், வயது முப்பத்தைந்து. கடைசி அத்தியாயத்தில் பதவியேற்பு. எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. முதலில் அந்த நாட்டின் சட்டதிட்டத்தை எழுத வேண்டும். ஆள் எவ்வளவு உயரம் போவார் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. நிஜ உலகில் இதற்கு மூன்று மாதிரிகள் இருக்கின்றன.

சுலபமானது நியூசிலாந்து வழி. 2017 ஆகஸ்ட் 1 அன்று, தேர்தலுக்கு ஏழே வாரம் இருக்கும்போது, தொழிலாளர் கட்சித் தலைமை 37 வயது ஜசிந்தா ஆர்டெர்ன் கைக்கு வந்தது. தேர்தலில் அவர் கட்சிக்கு 46 இடம், ஆளும் தேசியக் கட்சிக்கு 56. ஆனாலும் பிரதமரானது ஆர்டெர்ன்தான். 9 இடம் வைத்திருந்த நியூசிலாந்து ஃபர்ஸ்ட் கட்சியின் தலைவர் வின்ஸ்டன் பீட்டர்ஸ் அவர் பக்கம் வந்தார், 8 இடம் வைத்திருந்த பசுமைக் கட்சியும் ஆதரவு தந்தது. வாங்கிய வாக்குக்கு ஏற்ப இடம் தரும் விகிதாசாரத் தேர்தல் முறை இருந்ததால்தான் இந்தக் கணக்குக்கே இடம் வந்தது. கதைக்கு விறுவிறுப்பு உண்டு. ஆனால் பழைய கட்சியின் கட்டமைப்பு தயாராக இருப்பதால் நாயகர் இழப்பதற்கு அதிகமில்லை.

தாய்லாந்து வழி இதற்கு நேர் எதிர். 2023 தேர்தலில் பிட்டா லிம்ஜாரோன்ராட்டின் மூவ் ஃபார்வர்ட் கட்சி 151 இடங்களுடன் முதலிடம் பிடித்தது. எட்டுக் கட்சிக் கூட்டணிக்கு 500 பேர் அவையில் 312 பேர். வேறு நாடாக இருந்தால் அன்றே பிரதமர். ஆனால் ராணுவ ஆட்சி நியமித்த 250 செனட்டர்களும் (மேலவை உறுப்பினர்கள்) பிரதமர் தேர்வில் வாக்களிப்பார்கள் என்பது அப்போதைய விதி. இரு அவையும் சேர்ந்து நடத்திய வாக்கெடுப்பில் தேவை 375, கிடைத்தது 324. அடுத்த வாரமே, ஒளிபரப்பு நின்றுபோன ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் பங்குகள் தொடர்பான வழக்கில் நீதிமன்றம் அவரது எம்.பி. பதவியை நிறுத்திவைத்தது. உறுப்பினர் அட்டையை மேசையில் வைத்துவிட்டு அவையை விட்டு வெளியேறினார். பங்கு வழக்கில் பிறகு குற்றமில்லை என்றாகிவிட்டது. ஆனால் 2024 ஆகஸ்டில், மன்னரை அவமதிப்பதைத் தண்டிக்கும் சட்டத்தைத் திருத்தப் பிரசாரம் செய்ததற்காகக் கட்சியையே கலைத்தார்கள். மனசைப் பிசையும் கதைதான். ஆனால் ஒரு கட்டத்துக்குப் பிறகு நாயகர் கையில் முடிவெடுக்க எதுவும் மிஞ்சவில்லை. எழுதுபவருக்கு அது பெரிய கஷ்டம்.

அதனால் என் ஓட்டு சிலி வழிக்கு. கேப்ரியல் போரிக் மாணவர் சங்கத் தலைவராக இருந்து நாடாளுமன்றத்துக்குப் போனவர். 2019 அக்டோபரில் மெட்ரோ ரயில் கட்டணம் 30 பேசோ ஏறியதில் வெடித்த போராட்டம் நாட்டையே உலுக்கியது. நவம்பர் 15 அதிகாலை, புதிய அரசியலமைப்புக்கு வழி திறக்க ஆளும் தரப்பும் எதிர்க்கட்சிகளும் செய்த உடன்பாட்டில், தன் கட்சி சம்மதிக்காதபோதும், தனி ஆளாகக் கையெழுத்துப் போட்டார். தெருவில் இருந்தவர்களுக்கு அது காட்டிக்கொடுத்ததாகத் தெரிந்தது. டிசம்பரில் சாண்டியாகோவில் ஒரு பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரைச் சிலர் சூழ்ந்துகொண்டு, துரோகி என்று கத்தி, மேலே பீரை ஊற்றினார்கள். அவர் திருப்பிச் சண்டைக்குப் போகவில்லை. இரண்டு வருஷம் கழித்து, ஏறத்தாழ 56 சதவீத வாக்குகளுடன் அதிபர் தேர்தலில் வென்றார். அப்போது வயது 35. அந்தப் பதவிக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச வயதும் அதுதான்.

மேலே வருவதற்கு அவர் கொடுத்த விலை இங்கே கண்ணுக்குத் தெரிகிறது, அந்த விலையைத் தேர்ந்தெடுத்ததும் அவரேதான். அப்புறம் கதை அங்கேயும் முடியவில்லை. பதவியேற்று ஆறு மாதத்தில், 2022 செப்டம்பரில், அவர் ஆதரித்த புதிய அரசியலமைப்பு வரைவை 62 சதவீத வாக்காளர்கள் நிராகரித்தார்கள்.

நான் எழுதினால் பெஞ்சில் தொடங்குவேன். பதவியேற்பு நடுவில் வரும். கடைசி அத்தியாயம் அந்த வாக்கு எண்ணிக்கை இரவு.