மருத்துவ வாட்டு: நெஞ்சுக்கு நல்ல கவனிப்பு, தடுமாறிய புத்திக்குப் போதாது

நியூமோனியாவுக்காக என் அம்மாயியைச் சேர்த்திருந்த, எங்கள் மலைப்பக்கத்து அரச வைத்தியசாலையின் பெண்கள் வாட்டைப் பற்றி எழுதுகிறேன். மூச்சைப் பொறுத்தவரை குறை சொல்ல இடமில்லை. போன உடனே ஒட்சிசன் வைத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், ஊசி மருந்து ஒருபோதும் நேரம் தவறவில்லை. ஒரு சதம் கேட்கவில்லை.

தலைக்கு நேர்ந்ததைத்தான் கவனிக்கவில்லை. இரவானதும் அம்மாயி, பெரட்டுக்கு (தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) நேரமாகிவிட்டது, கூடையைக் கொடு என்று கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தார். ஒட்சிசன் குழாயைப் பிடுங்கினார். கையைக் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். கொழுந்து பறித்தே தேய்ந்த கை அது. பகலில் சுவரைப் பார்த்தபடி பேசாமல் கிடந்தார். அமைதியாக இருக்கிறார் என்று சொல்லிக் கடந்து போனார்கள். அந்த மௌனமும் அதே தடுமாற்றத்தின் இன்னொரு முகம். அவர்கள் பேசியது சிங்களம். சிங்களத்தில் கேட்டால், சுகமாக இருக்கும் நாளிலேயே அம்மாயிக்குப் பதில் வராது. புத்தி தெளிவாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

அடுத்த வேலை நேரத்துக்கு மாறி வந்த தமிழ்த் தாதி ஒருவர்தான், "இது எந்த இடம் அம்மா? இன்றைக்கு என்ன கிழமை?" என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் டாக்டரை அழைத்தார். இரத்தப் பரிசோதனையில் சோடியம் மிகவும் குறைந்திருந்தது. நியூமோனியாவில் அப்படிக் குறைவதுண்டு, அதோடு காய்ச்சலும் ஒட்சிசன் குறைவும் தூக்கமின்மையும் சேர்ந்தால் முதியவர்களுக்கு டெலிரியம் என்ற திடீர்ப் புத்தித் தடுமாற்றம் வந்துவிடும் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். இது அபூர்வமும் அல்ல. 2020இல் நியூயோர்க்கில் கொவிட்டுக்காக வைத்தியசாலையில் சேர்ந்த 4,491 பேரை ஆராய்ந்ததில், 606 பேருக்குப் புதிதாக நரம்பு மண்டலச் சிக்கல் வந்திருந்தது. பக்கவாதத்தையும் வலிப்பையும் விட, நோயின் தாக்கத்தால் மூளை தடுமாறியவர்களே அதிகம்.

அதன்பின் கட்டை அவிழ்த்து, என்னைப் பக்கத்தில் இருக்க விட்டார்கள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுவிட்டேன். வெளிச்சம் படும் ஜன்னலோரக் கட்டிலைக் கேட்டு வாங்கினேன். சோடியம் ஏற ஏற ஆள் தெளிந்தார், என் பெயரைச் சொல்லித் திட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இங்கே வயதானவரைச் சேர்ப்பவர்கள், பார்வை நேரம் முடிந்தாலும் தமிழ் பேசும் ஒருவர் உடனிருக்க வாட்டு டாக்டரிடம் அனுமதி கேளுங்கள். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது எங்கள் அட்டையில் நியூமோனியா மட்டுமே எழுதியிருந்தது. டெலிரியத்தையும் எழுதச் சொல்லி, நின்று வாங்கினேன். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரும் ஆபத்து அதிகம். கிளினிக்கில் பார்க்கும் டாக்டருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.