கணுக்காலின் பின்புற வலிக்கு ஊரில் கிடைத்த விடை

பாலே நடனம் பயிலும் என் மகளுக்கு ஓராண்டாக வலது கணுக்காலின் பின்புறத்தில் வலி இருந்தது. நாங்கள் வாழும் நாட்டில் அதைக் குதிநாண் (கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் நாண்) அழற்சி என்று சொல்லிப் பயிற்சிகள் கொடுத்திருந்தார்கள். நுனிக்காலில் எழும்பி நிற்பதும் அவற்றுள் ஒன்று என்பதால், செய்யச் செய்ய வலி கூடியதே தவிரக் குறையவில்லை. விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் எலும்பு மருத்துவர் ஒருவரிடம் அவளை அழைத்துச் சென்றோம்.

அவர் உடனே ஸ்கேன் எழுதித் தரவில்லை. அவளைக் குப்புறப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, குதிகாலைப் பற்றிப் பாதத்தை நுனிக்காலில் நிற்பதுபோல் சட்டென்று நீட்டினார். அவள் "அங்கேதான்!" என்று அலறிய இடம் குதிநாணுக்கு முன்னால், உள்ளே ஆழத்தில் இருந்தது. குதிநாணையே விரல்களால் அழுத்தியபோது வலிக்கவில்லை.

பாதத்தை முழுவதும் நீட்டும்போது கீழ்க்கால் எலும்பின் பின்விளிம்புக்கும் குதிகால் எலும்புக்கும் நடுவே திசுக்கள் நசுங்குவதே இந்த வலி என்று அவர் விளக்கினார். பந்தை உதைக்கும் கால்பந்து வீரர்களுக்கும், முன்காலை ஓங்கி ஊன்றும் வேகப்பந்து வீச்சாளர்களுக்கும் இது வரும். கணுக்கால் மூட்டு எலும்பின் பின்முனையில் 8 முதல் 13 வயதுக்குள் தோன்றும் சிறு எலும்பு, வழக்கமாக ஓராண்டுக்குள் அதனோடு இணைந்துவிடும். சிலருக்கு 'ஆஸ் டிரைகோனம்' எனத் தனித்தே நின்றுவிடும். அது எக்ஸ்ரேயில் தெரிவதாலேயே வலிக்குக் காரணம் அதுதான் என்று முடிவு கட்டக் கூடாது, ஏனெனில் அது இருந்தும் வலியே இல்லாதவர்கள் பலர் என்று அவர் அழுத்திச் சொன்னதை நான் மிகவும் மதிக்கிறேன். மகளுக்கு அந்த எலும்பு இருந்தது. அதைச் சுற்றி வீக்கமும் நீரும் சேர்ந்திருப்பதை எம்ஆர்ஐ பின்னர் காட்டியது. அதன் அருகிலேயே செல்லும் பெருவிரல் தசைநாணும் நடனக்காரர்களுக்குப் புண்படும் என்பதால், பெருவிரலைத் தனியே மடக்கி நீட்டியும் பார்த்தார்.

நுனிக்கால் அசைவுகளுக்கு ஓய்வு, சில நாட்களுக்கு வீக்கம் தணிக்கும் மாத்திரை, பாதம் முழுதும் நீளாதபடி டேப், அதன்பின் கெண்டைக்கால் தசைக்கும் பாதத்தின் சமநிலைக்கும் பிசியோதெரபி என்று சிகிச்சை அமைந்தது. மாதக்கணக்கில் இவை பலிக்காவிட்டால்தான் ஊசி, அதற்கும் அடங்காவிட்டால் சிறு துளைகள் வழியே எலும்பை அகற்றும் எண்டோஸ்கோப்பி என்றார். பிசியோதெரபிஸ்ட் அவளைக் கண்ணாடி முன் நிறுத்தி, எழும்பும்போது விரல்களைச் சுருட்டிக்கொண்டு எடையை வெளிப்பக்கம் சாய்ப்பதைக் காட்டித் திருத்தினார். ஓராண்டில் ஒருவரும் அவள் எழும்புவதைப் பார்க்கக் கேட்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

புறப்படுமுன், எந்த அசைவுகளை எப்போது மீண்டும் தொடங்கலாம் என்று நடன ஆசிரியைக்கு மருத்துவர் ஒரு பக்கக் கடிதம் எழுதித் தந்தார். அதன்படியே வகுப்பு நடக்கிறது.