மத்தள அடியை நிரலாக்க: சோனிக் பையா, ஸ்ட்ரூடலா?

மட்டக்களப்பில் வடமோடிக் கூத்தின் மத்தள அடிகளைக் கணினி நிரலாக எழுதிப் பார்க்க விரும்பும் மாணவருக்கு நான் காட்டுவது இரண்டு இலவசக் கருவிகளை. சாம் ஆரோன் கேம்பிரிட்ஜில் உருவாக்கிய சோனிக் பை, ரூபி என்ற நிரல்மொழியின்மேல் அமைந்தது. ஒவ்வோர் அடிக்கும் பின் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை நாமே எழுதுகிறோம். டைடல்சைக்கிள்ஸ் என்ற இசை நிரலாக்கக் கருவியின் ஜாவாஸ்கிரிப்ட் வடிவமாக இணைய உலாவியில் இயங்கும் ஸ்ட்ரூடலிலோ நேரம் சுற்றாகவே தொடங்குகிறது.

2 செக்கன் சுற்றுக்குள் ஏழு அடிகளை வைக்க, சோனிக் பையில் ஒவ்வொன்றின் பின்னும் ‘ஸ்லீப் 2.0/7’ என்று எழுத வேண்டும் (2/7 என்று முழு எண்களாக எழுதினால் ரூபி அதைப் பூச்சியமாக்கிவிடும்). ஸ்ட்ரூடலில் ஏழு ஒலிப்பெயர்களை மேற்கோள்குறிக்குள் இடைவெளி விட்டு எழுதினாலே போதும். எட்டாவதைச் சேர்த்தால் மற்றவை தாமே ஒதுங்கி இடங்கொடுக்கின்றன. தாள வட்டத்தில் பழகிய காதுக்கு இதுவே இயல்பானது என்பது என் உறுதியான எண்ணம். ஹைட்ரா என்ற காட்சி நிரலாக்கக் கருவி வழியாக ஸ்ட்ரூடலின் அதே திரையில் ஓவியத்தையும் அசைக்கலாம்.

ஆயினும், இணைய இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் படுவான்கரைப் (மட்டக்களப்பு வாவியின் மேற்குப் புறம்) பாடசாலை ஒன்றுக்குச் சோனிக் பையையே பரிந்துரைப்பேன். ஒருமுறை நிறுவிவிட்டால் அதன் ஒலி மாதிரிகளும் பாடங்களும் கணினியிலேயே இருக்கும்.