"ஸ்டாக் கிளட்ச் (கம்பெனியில் வந்தது) தாங்கும் சார்" என்று சொல்லும் ரீமேப் கடைகள்: 1,75,000 காலி, உஷார்!

ரீமேப்புக்கு (இன்ஜின் கம்ப்யூட்டரில் இருக்கும் 'மேப்' என்ற மென்பொருள் அமைப்பை மாற்றிப் பவர் கூட்டுவது) 35,000. கிளட்ச் செட்டுக்கும் ஃப்ளைவீலுக்கும் 78,000. கியர்பாக்ஸைப் பிரித்து மாட்ட 62,000. ஆக மொத்தம் 1,75,000. கடையின் பெயரை எழுதப்போவதில்லை. ஓபிடி போர்ட்டில் (வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இடம்) லேப்டாப்பைச் சொருகி, டீ குடித்து முடிப்பதற்குள் 'ஸ்டேஜ் 1' என்ற முதல் கட்ட மேப்பை ஏற்றித் தரும் டியூனிங் கடை, அவ்வளவுதான்.

பணம் கொடுக்கும் முன் அவர்களிடம் கேட்டது ஒரே கேள்வி. இன்ஜின் சரி, அதற்குப் பின்னால் இருக்கும் கிளட்ச், கியர்பாக்ஸ், ஆக்சில் எல்லாம் தாங்குமா? யோசிக்காமல் பதில் வந்தது: "கம்பெனிக்காரனே முப்பது பர்சன்ட் மார்ஜின் விட்டுத்தான் சார் செய்வான். எத்தனையோ வண்டி பண்ணியிருக்கோம், ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல." கூடவே ஒரு டைனோ சீட்டை (இன்ஜின் பவரை அளக்கும் மெஷின் தரும் வரைபடம்) நீட்டினார்கள். 120 குதிரைத்திறன் 155 ஆகும் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதைப் பார்த்துத்தான் நம்பிக்கை வந்தது. அந்தச் சீட்டில் டார்க், அதாவது முறுக்கு விசை, காட்டும் கோடே இல்லை என்பதுதான் விஷயம்.

டிரைவ்டிரெயினை (கிளட்ச் முதல் ஆக்சில் வரை உள்ளதெல்லாம்) உடைப்பது டார்க். குதிரைத்திறன் என்பது டார்க்கையும் ஆர்பிஎம்மையும் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பெருக்கி வரும் எண். 6,000 ஆர்பிஎம்மில் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும் இன்ஜினைக் கிளட்ச் பெரிதாகக் கண்டுகொள்ளாது. டர்போ வண்டியில் பூஸ்ட்டை (டர்போ உள்ளே தள்ளும் காற்றழுத்தம்) ஏற்றினால் கதை வேறு. 1,900 ஆர்பிஎம்மிலேயே 250 நியூட்டன் மீட்டர் 345 ஆகிவிடுகிறது. 38 சதவீதம் கூடுதல். கடைக்காரர் சொன்ன அந்த முப்பதையே தாண்டிவிட்டது பாருங்கள்!

அந்த மார்ஜினும் சும்மா கிடக்கும் உபரி இல்லை. தட்டு தேயும், சூடேறினால் உராய்வு குறையும், முழு லோடுடன் மேட்டில் வண்டியை எடுக்க வேண்டிவரும். அதற்காக விட்டு வைத்தது. கிளட்ச் எவ்வளவு தாங்கும் என்பது நான்கு விஷயங்களைப் பொறுத்தது: உராய்வுக் கெழு, பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, தட்டின் சராசரி ஆரம், உராயும் முகங்கள் (ஒற்றைத் தட்டில் இரண்டு). லேப்டாப்பால் இதில் ஒன்றைக்கூட மாற்ற முடியாது.

இன்னொரு திருட்டு வேலை. பல வண்டிகளின் ஈசியூவில் (இன்ஜின் கம்ப்யூட்டர்) முதல் இரண்டு கியருக்கும் தனியாக டார்க் வரம்பு போட்டிருப்பார்கள். கியரையும் ஆக்சிலையும் காப்பாற்றத்தான் அது. இவர்கள் அதையும் தூக்கிவிட்டார்கள், "பிக்கப் நல்லாயிருக்கும்" என்று. ஆட்டோமேட்டிக் வண்டியில் இதைவிட மோசம்: ஈசியூ சொல்லும் டார்க் எண்ணை வைத்துத்தான் கியர்பாக்ஸ் எண்ணெய் அழுத்தத்தை முடிவு செய்கிறது. மேப்பில் அந்த எண்ணைக் குறைத்துக் காட்டினால் அழுத்தம் போதாமல் உள்ளே கிளட்ச் வழுக்கிக் கருகும்.

முதலில் போனது கிளட்ச். ஐந்தாம் கியரில் மிதித்தால் ஆர்பிஎம் தாவுகிறது, வேகம் ஏறவில்லை, கருகல் நாற்றம். பிரித்துப் பார்த்தால் பிரஷர் பிளேட்டில் நீலம் பாரித்த திட்டுகள். டூயல் மாஸ் ஃப்ளைவீலை (நடுவே ஸ்பிரிங் வைத்து அதிர்வைக் குறைக்கும் இரட்டைச் சக்கரம்) கையால் திருப்பினால் 'டொக் டொக்' என்று அளவுக்கு மீறிய ஆட்டம். குறைந்த ஆர்பிஎம்மில் அதிக டார்க் விழுந்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகளுக்கு அதுதான் எமன்.

கடைக்குப் போன் செய்தால் "ஏற்கெனவே தேஞ்ச கிளட்ச் சார்" என்றார்கள். சரி, புதுசு போடலாம் என்றால் அவர்களே கனமான கிளட்ச்சைத் தலையில் கட்டினார்கள். அங்கேதான் அடுத்த குழி. கிளட்ச் வழுக்கும்வரை பின்னால் இருப்பதெல்லாம் தப்பிக்கும், அது ஃபியூஸ் மாதிரி. வழுக்காத கிளட்ச் போட்டதும் மொத்த அடியும் கியர்பாக்ஸுக்கு.

உடைந்தது மூன்றாம் கியர், அதற்கும் காரணம் உண்டு. முதல் கியர் விகிதம் 3.5, அதற்குப் பின் வரும் கடைசிப் பல் விகிதமான ஃபைனல் டிரைவ் 4 என்றால் 345 நியூட்டன் மீட்டர் 14 மடங்காகி 4,830 ஆக வேண்டும். ஆனால் அதற்குள் டயர் சுழன்றுவிடும். ஒரு சக்கரத்தின் மேல் 400 கிலோ, ஆரம் 0.3 மீட்டர், பிடிமானம் 0.9 என்று வைத்தால் சுமார் 1,060-க்கு மேல் அந்த ஆக்சிலுக்குப் போகாது. மூன்றாம் கியரில் (1.3) பக்கத்துக்குச் சுமார் 900தான், டயர் பிடித்துக்கொள்ளும். அதனால் முழு பூஸ்ட்டும் நின்று நிதானமாகப் பல்லின் மேல் உட்காருகிறது. ஹெலிக்கல் (சாய்வாக வெட்டிய) பற்கள் ஒன்றையொன்று தள்ள, ஷாஃப்ட் விலகி, பல் முனையில் மட்டும் சுமை ஏறிச் சில்லு பெயர்கிறது. கியர்பாக்ஸ் எண்ணெயை வடிக்கும் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் பயமில்லை. இங்கே வந்தது நகக்கண் அளவு இரும்புச் சில்லு.

கடையில் "செக் பண்ணித் தர்றோம்" என்று வண்டியை வாங்கி, சத்தமில்லாமல் ஸ்டாக் மேப்பைத் திரும்ப ஏற்றிவிட்டு, "எங்க மேப்பே வண்டியில இல்லையே சார்" என்றார்கள். பிறகு "ஓட்டுற விதம் சரியில்ல". பிறகு புளூ டிக் மட்டும். கடைசியாகக் கிடைத்த நஷ்ட ஈடு: அடுத்த ரீமேப்புக்குப் பத்து பர்சன்ட் தள்ளுபடி. 1,75,000-க்கு இது பதிலாம்!

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுத இருந்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக: டார்க் கோடு இல்லாத டைனோ சீட்டைத் தொடாதீர்கள். உங்கள் கியர்பாக்ஸின் குறியீட்டைத் தேடி அதன் டார்க் எல்லையைப் பாருங்கள். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் டிகியூ200 உலர் கிளட்ச் பெட்டிக்கு 250 நியூட்டன் மீட்டர், ஈரக் கிளட்ச் டிகியூ250-க்கு 350. ரீமேப் செய்தே தீருவேன் என்றால் 2,500 ஆர்பிஎம்முக்குக் கீழே டார்க்கை மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள், கியர் வரம்புகளைத் தொட விடாதீர்கள். பில்லில் உச்ச டார்க் எண்ணை எழுதி வாங்குங்கள், ஸ்டாக், ரீமேப் என்று இரண்டு மேப் ஃபைல்களின் காப்பியும் கையில் இருக்கட்டும். பிரச்சினை வந்தால் அவர்களிடம் வண்டியைக் கொடுக்கும் முன் வேறு இடத்தில் ஈசியூவைப் படித்துச் சேமித்துவிடுங்கள்.