சிஸ்சிடிஎல்: மாற்றுவது சுகம், நிலைக்க வைப்பதுதான் வதை

"மச்சான், நீ சொன்ன மாதிரித்தான் செய்தனான். கொம்பியூட்டரை நிப்பாட்டிப் போட்டால் பழையபடி வந்திட்டுது" என்று சாவகச்சேரியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பன், நான் சொல்லிக் கொடுத்த ஒரு லினக்ஸ் அமைப்பு மாற்றத்தைப் பற்றிக் கேட்டான். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் அமைப்புகளை டெர்மினலில் (கட்டளை தட்டும் திரையில்) பார்க்கவும் மாற்றவும் உள்ள சிஸ்சிடிஎல் கட்டளையைப் பல வருடங்களாகப் பாவிக்கிறேன். அது என்ன, எப்படி நிறுவுவது என்றெல்லாம் இங்கே விளக்கப் போவதில்லை.

முதலில் எனக்குப் பிடித்தது. திருமண வீடியோ, நல்லூர்த் திருவிழா வீடியோ எல்லாம் பென் டிரைவில் கொப்பி பண்ணிக் கொடுப்பதுதான் எங்கள் கடையில் பாதி வேலை. வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தங்கள் பிளைட் ஏற முதல் கேட்பார்கள். கொப்பி ஓடும் பட்டை சடசடவென்று நூறைத் தொட்டுவிடும். ஆனால் பென் டிரைவைக் கழற்றப் போனால் "இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது, பொறுங்கள்" என்று வரும். முன்னால் நிற்கிற ஐயா, "தம்பி, நூறு எண்டு காட்டுது, பிறகேன் கழட்ட விடுறியள் இல்லை?" என்பார். அவர் கேட்பது நியாயம். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனால் கோப்பு அரைகுறை.

லினக்ஸ், எழுத வேண்டியதை முதலில் நினைவகத்தில் சேர்த்துவிட்டுப் பிறகுதான் டிஸ்க்குக்கு அனுப்பும். எவ்வளவு சேரலாம் என்பதை 'விஎம்.டர்ட்டி_ரேஷியோ' சொல்கிறது. வழமையான எண் 20, அதாவது கையில் இருக்கும் நினைவகத்தில் 20 சதவீதம். 16 ஜிபி மெஷினில் கிட்டத்தட்ட 3 ஜிபி வரை இப்படித் தேங்கலாம். மெதுவான பென் டிரைவுக்கு அது மிக அதிகம். இதற்குப் பதிலாக 'விஎம்.டர்ட்டி_பைட்ஸ்' என்பதற்கு 67108864, அதாவது 64 எம்பி கொடுத்தேன். பின்னணியில் டிஸ்க்குக்கு எழுதத் தொடங்கும் அளவான 'விஎம்.டர்ட்டி_பேக்ரவுண்ட்_பைட்ஸ்' என்பதற்கு 16777216, அதாவது 16 எம்பி. பைட்ஸுக்கு எண் கொடுத்ததும் ரேஷியோ தானாக 0 ஆகிவிடும், பயப்பட வேண்டாம். என்டர் தட்டிய அந்த நொடியே வேலை செய்தது. றீஸ்ராட் இல்லை, எதையும் மூடித் திறக்கவில்லை. பட்டை உண்மையான வேகத்தில் நகர்ந்தது, நூறு என்றால் ஏறக்குறைய நூறுதான். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் அடிவயிற்றில் கை வைத்து ஒரு எண்ணை மாற்ற முடிகிறதே, இதற்கு ஈடான சந்தோஷம் வேறு மென்பொருளில் எனக்குக் கிடைத்ததில்லை.

பார்ப்பதும் அவ்வளவு இலகு. 'மைனஸ் ஏ' போட்டால் எல்லா அமைப்பும் வரிசையாகக் கொட்டும், அதை, வேண்டிய வரியைத் தேடி எடுக்கும் கிரெப் கட்டளையில் வடித்துவிடலாம். எல்லாம் 'ப்ராக்' கோப்புறைக்குள் 'சிஸ்' என்பதன் கீழ் சாதாரணக் கோப்புகளாகவும் இருக்கும், கோப்பைத் திரையில் காட்டும் 'கேட்' கட்டளை போட்டே படிக்கலாம்.

சரி, இனி என் கோபம்.

இப்படி மாற்றியது மெஷினை அணைத்தால் போய்விடும். அதில் பிழை இல்லை. பிழையான எண் கொடுத்தவரைக் காப்பாற்றுவதும் அதுதான். நிலைக்க வேண்டுமென்றால் கோப்பில் எழுத வேண்டும். எந்தக் கோப்பில்? காலங்காலமாக எல்லோரும் சொல்லித் தந்தது 'ஈடிசி' கோப்புறையில் உள்ள 'சிஸ்சிடிஎல்.கான்ஃப்'. ஆனால் 2025இல் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் பதிப்பு முதல், மெஷின் எழும்பும்போது எல்லாவற்றையும் தொடக்கி வைக்கும் சிஸ்டம்டி அந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை. வெளியீட்டுக் குறிப்பில் இதை எழுதியிருக்கிறார்கள், மறைக்கவில்லை. என்றாலும் கோப்பு அங்கேயே கிடக்கிறது, உள்ளே என் எண்கள் அப்படியே இருக்கின்றன, ஒரு எச்சரிக்கை வரி இல்லை. இதைவிட மோசம், 'சிஸ்சிடிஎல் மைனஸ் பி' என்று கையால் ஓட்டினால் அதே பழைய கோப்பைத்தான் படித்து எண்ணை மாற்றும். அப்போது எல்லாம் சரி என்றே தோன்றும், அடுத்த முறை எழும்பியதும் பழைய 20. நண்பனுக்கு நடந்தது இதுதான்.

இப்போது எழுத வேண்டிய இடம் 'ஈடிசி'யில் உள்ள 'சிஸ்சிடிஎல்.டி' கோப்புறை. அங்கே '99-பென்டிரைவ்.கான்ஃப்' மாதிரி ஒரு பெயர் வையுங்கள், ஆங்கில எழுத்தில். பெயர் அகர வரிசையில்தான் கோப்புகள் படிக்கப்படும், கடைசியாக வருவதன் எண்ணே நிற்கும். நீங்கள் நிறுவும் மென்பொருள் பொதிகளும் 'யுஎஸ்ஆர்' கோப்புறைப் பக்கம் தங்கள் கோப்புகளைப் போட்டு வைக்கும், அதனால்தான் 99. மொத்தமாக எது எது படிக்கப்படுகிறது என்று பார்க்க 'சிஸ்டம்டி-அனலைஸ் கேட்-கான்ஃபிக் சிஸ்சிடிஎல்.டி' என்று ஓட்டுங்கள். கோப்புப் பெயரோடு வரிசையாகக் காட்டும். இந்த ஒரு கட்டளை என் தலையிடியில் பெரும்பங்கைக் குறைத்தது.

ஆனால் அது வேறொரு கருவி. சிஸ்சிடிஎல்லிடம் ஒரு எண்ணைக் கேட்டால் எண்ணை மட்டும் சொல்லும். எந்தக் கோப்பு அதை வைத்தது, யாராவது கையால் மாற்றினார்களா, கெர்னலின் சொந்த எண்ணா, ஒன்றும் சொல்லாது. கடையில் ஆட்கள் வரிசையில் நிற்கும்போது எனக்கு வேண்டியிருப்பது அந்தப் பதில்தான்.

தினமும் பாவிக்கிறேன், இனியும் பாவிப்பேன், இதை விட்டு வேறொன்றுக்குப் போகும் எண்ணமே இல்லை. இருந்தும் இன்றைக்கு 5க்கு 2தான். எண்ணோடு சேர்த்து அது வந்த கோப்பையும் காட்டும் ஒரு தெரிவைச் சேர்த்தால் அன்றைக்கே 5 போடுவேன்.