லஹார் மண்ணில் பயோ-என் போட்டுப் பார்த்தோம்

பிலிப்பைன்ஸில் பாம்பாங்கா பக்கம் நண்பர் குடும்பத்து நிலத்தில் மக்காச்சோளம் போடுகிறோம். 1991 ஜூனில் பினாட்டுபோ எரிமலை வெடித்து, அப்புறம் வருஷா வருஷம் மழையில் சாம்பல் சேறாக இறங்கி மூடிய பூமி அது, அங்கே அதை லஹார் என்பார்கள். இன்றைக்கும் ஒரு கை அள்ளினால் வெளிறிய மணல்தான், விரலிடுக்கில் ஒழுகிவிடும். எரிமலைச் சாம்பலில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) உண்டு, தழைச்சத்துதான் (நைட்ரஜன்) கிட்டத்தட்ட இல்லவே இல்லை. யூரியா போட்டாலும் நல்ல மழை ஒன்று வந்தால் அடியில் இறங்கிவிடுகிறது.

அதனால்தான் பயோ-என் என்ற நுண்ணுயிர் உரத்தை வாங்கினோம். லாஸ் பான்யோஸ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது, 200 கிராம் பொட்டலம். உள்ளே இருப்பது நம் ஊரில் அரிசிக் கஞ்சியில் கலந்து விதைநேர்த்தி செய்கிறோமே, காற்றிலிருக்கிற தழைச்சத்தைப் பிடித்துப் பயிருக்குக் கொடுக்கும் அதே அசோஸ்பைரில்லம் பாக்டீரியா இனம்தான், ஆனால் தலாஹிப் என்ற நாணற்புல்லின் வேரிலிருந்து பிரித்தெடுத்தது. யாரும் விதைக்காமலே லஹார் மணலில் தானாக முளைத்து நிற்கிற புல் அது! எனக்கு இதில் ரொம்பப் பிடித்ததே இந்த விஷயம்தான்.

விதையை நனைத்து, பொடியில் புரட்டி, அன்றைக்கே விதைத்தோம். யூரியாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தும் பயிர் வெளுக்கவில்லை, பிடுங்கிப் பார்த்தால் வேர் நன்றாக அடர்ந்திருந்தது. தொழு உரமும் சேர்த்துப் போட்டோம், அது இல்லாமல் வெறும் மணலில் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஒரு கடையில் பொட்டலங்களை வெயிலில் அடுக்கி வைத்திருந்தார்கள், அங்கே வாங்கியது துளியும் வேலை செய்யவில்லை. உள்ளே இருப்பது உயிர், நிழலில் வைத்திருக்கிற கடையில், தேதி பார்த்து வாங்குங்கள்.