பெர்த்ல இருந்து அம்மாவப் பாக்கப் போனேன், பாதி லீவு கல்லீரல் வார்டுலயே போச்சு

தீபாவளிக்கு ரெண்டு வாரம் லீவு எடுத்து சிங்கப்பூர்ல தோ பாயோ வீட்டுக்குப் போயிருந்தேன். போய் இறங்கினப்பவே அம்மாவுக்கு மூணு நாளா காய்ச்சல், டெங்குவா இருக்குமோன்னு பயந்து கீழ்வீட்டு ஆன்ட்டிதான் கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போயிருக்காங்க. ஒழுங்கா சாப்பாடும் இறங்கல. மறுநாள் காலையில ஒரே வாந்தி, கண்ணு மஞ்சள், என்னைப் பாத்து செத்துப்போன பெரியம்மா பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க, அப்பதான் கை கால் ஓடாம 995 அடிச்சேன். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துருச்சு, அதுல குறையே சொல்ல முடியாது. ஆனா எமர்ஜென்சில வார்டு பெட் கிடைக்க ஏழு மணி நேரம், அம்மா தள்ளுவண்டியிலயே கிடந்தாங்க, அது எனக்கு இன்னும் ஆறல.

அங்க ஒரு தமிழ் நர்ஸ், "அம்மா, ரெண்டு கையையும் முன்னால நீட்டி வண்டிய நிப்பாட்டுற மாதிரி வைங்க"ன்னாங்க. அம்மா கை நிக்கவே மாட்டேங்குது, பறவை இறக்கை அடிக்கிற மாதிரி மணிக்கட்டுல படபடன்னு விழுது. கல்லீரல் வேலை செய்யலன்னா அமோனியா ரத்தத்துல ஏறி மூளைக்குப் போயிடும், அதோட அடையாளமாம் அது. அப்புறம் அந்த நர்ஸ், வீட்டுல இருக்குற அத்தனை மாத்திரையும் கொண்டுவரச் சொன்னாங்க. எண்ணிப் பாத்தா, அம்மா தானா போட்டது நாளைக்கு எட்டு பாரசிட்டமால், அதுவே 4 கிராம், பெரியவங்களுக்கு அதுதான் உச்ச அளவு. கிளினிக்ல கொடுத்த சளி மாத்திரைக்குள்ளயும் அதே பாரசிட்டமால், அது ஒரு 3 கிராம். வீட்டுல என்ன போடுறீங்கன்னு அங்க ஒருத்தர் கேட்டிருந்தா போதுமே!

பாரசிட்டமால் உடையும்போது வர்ற நச்சுப் பொருளை கல்லீரல்ல இருக்குற குளூட்டாதயோன்ங்கிற பொருள்தான் அடக்கும், பட்டினி கிடந்தா அதுவும் கம்மி, 42 கிலோ உடம்பு வேற. மத்தவங்களுக்கு ஹெபடைடிஸ் ஏ, பி, ஈ கிருமி, டிபி மாத்திரை, சில நாட்டு மருந்தாலயும் இப்படி ஆகும்னு டாக்டர் சொன்னார். அந்த நச்சை முறிக்கிற மருந்து அசிட்டைல்சிஸ்டீன், டிரிப்ல 21 மணி நேரம் ஏத்தி, அதுக்கப்புறமும் நிறுத்தல. ஒரேடியா அளவுக்கு மீறிப் போட்டவங்களுக்கு 8 மணி நேரத்துக்குள்ள ஏத்தினா ரொம்ப நல்லா கேக்குமாம், லேட்டா ஏத்தினாலும் பலன் உண்டுதான். மணிக்கு மணி சுகர் பாத்தாங்க, கல்லீரல்தானே சர்க்கரைய சேத்து வச்சு விடுறது.

ரத்த டெஸ்ட்ல 40க்கு கீழ இருக்கவேண்டிய ஏஎல்டிங்கிற கல்லீரல் என்சைம் 6000 தாண்டிடுச்சு. மூணாம் நாள் அது இறங்கினதும் நான் சந்தோஷப்பட்டேன், டாக்டர் படல. செத்த செல்லுல இருந்து கசியுறதுதான் ஏஎல்டி, கல்லீரல் வேலை செய்யுதான்னு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு பாக்குற ஐஎன்ஆர் டெஸ்ட்தான் சொல்லும், ரத்தம் உறைய வைக்கிற பொருள கல்லீரல்தானே செய்யுதுன்னார். அம்மாவோட ஐஎன்ஆர் 3.8. ஏறினா மாற்று கல்லீரல்தான்னு சொல்லி ஒரு ரூம்ல உக்கார வச்சுப் பேசினாங்க. வேண்டாம்னு முன்னாடியே எழுதிக் கொடுக்காதவங்க செத்தா அவங்க உறுப்பை எடுத்து மத்தவங்களுக்கு வைக்கலாம்னு சொல்ற சிங்கப்பூர் ஹோட்டா சட்டத்துல கல்லீரலையும் சேத்தது 2004லதான், எனக்கும் 21 வயசுல அதைப் பத்தின லெட்டர் வந்துச்சு, படிக்காம டிராயர்ல போட்டேன். யாரோ ஒருத்தர் வீட்டுல சாவு விழுந்தாதான் அம்மாவுக்கு கிடைக்கும்னு நினைக்கவே நெஞ்சு அடைச்சுது. என் கல்லீரல்ல பாதி எடுத்துக்கங்கன்னேன், எனக்கும் ரத்தம் எடுத்தாங்க.

தேவைப்படல. அஞ்சாம் நாள் ஐஎன்ஆர் 2.1, அம்மா என் பேரச் சொல்லி "பாப்பா, சாப்பிட்டியா"ன்னாங்க. ஒன்பதாம் நாள் டிஸ்சார்ஜ். கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி சாப்பாட்டு மேசையில வீட்டு மாத்திரை எல்லாத்தையும் கொட்டி, அம்மா கண்ணாடி போட்டுப் படிக்க, பாரசிட்டமால் இருக்குற அட்டையில எல்லாம் சிவப்பு மார்க்கர்ல வட்டம் போட்டோம். பதினொரு அட்டையில நாலு.